தோப்புக்கு அடியில் முதுமக்கள் தாழி இருந்தால் ரேடாரில் தெரியுமா?

கீழடிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் கேட்டிருக்கிறார். தெரியலாம், ஆனால் தாழியின் படமாக வராது. தரைமேல் இழுத்துச் செல்லும் ரேடார் கருவி மண்ணுக்குள் அனுப்பும் ரேடியோ அலை, மண்ணின் தன்மை மாறும் இடத்தில் திரும்பும். திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் கணிப்பார்கள். தாழி, குழாய் போன்றவை கருவியின் திரையில் கவிழ்த்த வில் மாதிரி தெரியும். பாறாங்கல், தென்னை வேர்க்கட்டையும் அப்படித் தெரியலாம்.

பெரிய சிக்கல் நம்ம மண்தான். காய்ந்த மணலில் 10 மீட்டர்கூட இறங்கும் அலை, ஈரக் களிமண்ணில் 1 மீட்டர் தாண்டுவதே கஷ்டம். அதனால் கோடையில், தண்ணீர் பாய்ச்சாத நாட்களில் பாருங்கள். 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா பொருத்தமாக இருக்கும்.

அப்புறம், வில் தெரிந்ததும் தயவுசெய்து மண்வெட்டியை எடுத்துவிடாதீர்கள். மண்ணடுக்கு கலைந்தால் அந்தத் தாழியின் காலத்தைச் சொல்வதே சிரமமாகிவிடும். மாநிலத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.