ஐந்து வயதுக்கும் ஏழு வயதுக்கும் ஒரே 50சிசி டர்ட் பைக் போதுமா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: மகனுக்கு 5 வயது, 18 கிலோ. மகளுக்கு 7 வயது, 24 கிலோ. மாதம் ஒருமுறை ஜொகூரில் மண் தடத்துக்கு அழைத்துப் போக எண்ணம். வண்டியை அங்கே உறவினர் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பழைய யமஹா பிடபிள்யூ50 ஒன்று விலைக்கு வருகிறது. இருவருக்கும் சேர்த்து அதை எடுக்கலாமா?

மகனுக்கு எடுக்கலாம். மகளுக்கு ஆகாது. பிடபிள்யூ50க்கு யமஹா சொல்லும் எடை வரம்பு 25 கிலோ. ஹெல்மெட், பூட்ஸ், மார்புக் கவசம் எல்லாம் போட்டால் மகள் இன்றைக்கே அதைத் தாண்டிவிடுவாள். எடை கூடினால் சின்ன மேட்டில்கூட சஸ்பென்ஷன் அடிவரை அமுங்கி 'டொக்'கென்று இடிக்கும், சிறிய டிரம் பிரேக்கும் இழுத்துப் பிடிக்காது. அவளுக்குப் பொருத்தம் ஹோண்டா சிஆர்எஃப்50எஃப். அதன் வரம்பு 40 கிலோ.

வயதைவிடக் கால் அளவுதான் முக்கியம். செருப்பைக் கழற்றி, பிள்ளையைச் சுவரோரம் நிற்க வைத்து, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு இடையே மேலே முட்டும்வரை தூக்கி, தரையிலிருந்து அளந்துகொள்ளுங்கள். பிடபிள்யூ50 சீட் உயரம் சுமார் 48 செ.மீ., சிஆர்எஃப்50எஃப் சுமார் 55 செ.மீ. பிள்ளையின் அளவு சீட் உயரத்தை ஒட்டி இருந்தால் போதும். உட்கார்ந்ததும் ஸ்பிரிங் சற்றுத் தாழும், பூட்ஸ் கொஞ்சம் உயரம் கொடுக்கும். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும். பள்ளிச் சீருடை எடுப்பதுபோல 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிறவர்கள் நிறைய. நுனிக்கால் மட்டும் எட்டும் பிள்ளை, வண்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் சாயும். பிடபிள்யூ50 சுமார் 40 கிலோ, உங்கள் மகனைப்போல இரண்டு மடங்குக்கு மேல். நாலு தடவை அதன் அடியில் மாட்டிக்கொண்ட பிள்ளை ஐந்தாம் தடவை ஏறமாட்டான்.

மகன் பக்கச் சக்கரம் இல்லாமல் சைக்கிள் ஓட்டுகிறானா? இல்லையென்றால் பெட்ரோல் வண்டியே இப்போது வேண்டாம். சைக்கிள் பழகும்வரை ஸ்டேசிக் போன்ற, பெடல் இல்லாத மின் பேலன்ஸ் பைக் போதும். 16 அங்குல வகையின் சீட் 43 செ.மீ., எடை 10 கிலோவுக்குள். விழுந்தால் அவனே தூக்கிக்கொள்வான். டர்ட் பைக்குக்குப் பக்கச் சக்கரம் மாட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். வளைவில் வண்டியைச் சாய்க்கவிடாது. மேடுபள்ளத்தில் ஒரு பக்கச் சக்கரம் ஏறினால் வண்டியே கவிழும்.

பிடபிள்யூ50இல் கியர் கிடையாது. பின்சக்கரத்துக்கு விசை ஷாஃப்ட் வழியாகப் போவதால் விரல் மாட்டச் செயினும் இல்லை. இரண்டு பிரேக்கும் கையில், சைக்கிள் மாதிரி. சிஆர்எஃப்50எஃப்பில் கிளட்ச் பிடிக்க வேண்டாம், ஆனால் இடது காலால் மாற்றும் 3 கியர் உண்டு, பின் பிரேக் வலது காலில். முதல் நாள் முழுக்க முதல் கியரிலேயே ஓட்டட்டும், அவள் கவனம் பிரேக்கில் இருக்கட்டும்.

பழைய பிடபிள்யூ50ஐப் பார்க்கப் போகும்போது எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் இரண்டு மூன்று உதையில் பிடிக்க வேண்டும். சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் நெம்புகோல்) போட்டால் ஓடி, எடுத்ததும் அணைந்தால், பெரும்பாலும் கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சிறிய துளையான ஜெட் அடைத்திருக்கிறது. மாதம் ஒருமுறை ஓட்டும் வீட்டில் அடிக்கடி வரும் கோளாறு இதுதான். நின்று போன பெட்ரோல் பிசினாகி ஊசித்துளையை மூடிவிடும். சுத்தம் செய்தால் தீர்ந்தது, அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள். இனி நீங்கள் ஓட்டி முடித்ததும், பெட்ரோல் குழாயை மூடிவிட்டு எஞ்சினைத் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.

இது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். எண்ணெய்க்குத் தனித் தொட்டி உண்டு, பம்ப் தானே கலந்துகொள்ளும். பெட்ரோலை மட்டும் பார்த்துவிட்டு எண்ணெய்த் தொட்டியை மறந்தால் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் அதன் அளவைப் பாருங்கள். புகைக்குழாயில் வேகத்தை அடக்கும் தடுப்பு ஒன்று இருக்கும். முந்தைய பிள்ளை வளர்ந்ததும் பலர் அதைக் கழற்றிவிடுவார்கள். இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் வாங்கிப் பொருத்துங்கள். பிறகு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள், நடுவில் தடுக்கினால் பேரிங் போய்விட்டது. ஃபுட்ரெஸ்ட் அடியில் சட்டத்தில் விரிசலோ மறு வெல்டிங்கோ தெரிந்தால் விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

இணையத்தில் சில நூறு வெள்ளிக்கு வரும் பெயரில்லாத 49சிசி வண்டிகளைத் தவிர்க்கச் சொல்வேன். ஆக்சிலேட்டரைத் தொடாதபோதே கிளட்ச் பிடித்து வண்டி ஊர்வது, நட்டுகள் கழல்வது, செயினுக்கு மூடி இல்லாதது என்று எல்லாக் குறையும் ஒரே வண்டியில் கிடைக்கும்.

ஹெல்மெட்டுக்குத் தலையின் சுற்றளவைப் புருவத்துக்குச் சற்று மேலே அளந்து வாங்குங்கள். கன்னம் லேசாக அமுங்க வேண்டும். வாரைக் கட்டிய பிறகு பின்விளிம்பைப் பிடித்து முன்னோக்கி இழுத்தால் கழலக்கூடாது. அக்காளின் ஹெல்மெட் தம்பிக்கு ஆகாது. கணுக்காலை மூடும் பூட்ஸ், கையுறை, முழங்கால் முழங்கைக் கவசம், கண்ணாடி எல்லாம் வேண்டும். இத்தனையும் மாட்டி நம் வெயிலில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் கொடுங்கள்.

சிங்கப்பூருக்குள் 'சும்மா ஒரு சுற்று' என்று கார்ப்பேட்டையிலோ புளோக்கின் கீழ்த்தளத்திலோ பூங்கா இணைப்புப் பாதையிலோ இறக்காதீர்கள். பதிவில்லாத மோட்டார் வண்டிக்குச் சாலையில் இடமில்லை. மின் ஸ்கூட்டர்களுக்கே 2019 நவம்பர் 5 முதல் நடைபாதை மூடப்பட்டாயிற்று. பேலன்ஸ் பைக் வாங்கினால் அதன் மின்கலத்தை வாசற்கதவோரம் வைத்தோ, தூங்கும்போதோ சார்ஜ் செய்ய வேண்டாம்.

முதல் நாள், பிடபிள்யூ50இன் ஆக்சிலேட்டர் பிடிக்குப் பக்கத்தில் உள்ள திருகைக் கவனியுங்கள். அதை அசையாமல் பிடித்திருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி உள்ளே திருகினால், பிடி எவ்வளவு முறுக்கினாலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் திறக்காது. சிஆர்எஃப்50எஃப்பிலும் இந்த வசதி உண்டு. இது எதற்கென்றால், வண்டி திடீரென்று பாயும்போது பிள்ளையின் உடல் பின்னால் சாயும், பயத்தில் பிடியை இறுக்குவான், மணிக்கட்டு கீழே இறங்கி ஆக்சிலேட்டர் இன்னும் திறக்கும். விடத் தெரியாது. வண்டி உங்கள் ஓட்ட நடை வேகத்தைத் தாண்டாத அளவுக்குத் திருகி, லாக் நட்டை இறுக்குங்கள். ஸ்டார்ட் செய்து ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் கூடினால் கேபிள் இழுபடுகிறது, அதைச் சரிசெய்யாமல் பிள்ளையை ஏற்றாதீர்கள். சொன்ன இடத்தில் பத்து முறை பிரேக் பிடித்து நிறுத்திக் காட்டட்டும். அதற்குப் பிறகு திருகை அரைச் சுற்றுத் தளர்த்தலாம், அன்றைக்கு அவ்வளவுதான்.