கராஜ் தரைக்கு எது பொருத்தம்?

கேள்வி: வீட்டோடு ஒட்டிய கராஜில் ஓட்டோ நிறுத்துகிறேன். சீமெந்துத் தரை எந்நாளும் ஈரம். எபொக்சி (காய்ந்து இறுகும் பிசின் பூச்சு) பூசலாமா, டைல்ஸ் பதிக்கலாமா?
– வாசகர், அட்டன்

பதில்: தம்பி, முதலில் ஈரம் வரும் வழியைப் பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் கோத்தால் ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. அதன்மேல் பூசிய எபொக்சி கொப்பளித்து உரியும், காசு வீண். மலையை வெட்டிக் கட்டிய நம்ம பக்கத்து வீடுகளில் இது சகஜம். பின்சுவர் ஓரமாகக் கான் வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்புங்கள். தரை நன்றாகக் காய்ந்த பிறகு எபொக்சி பூசலாம், எண்ணெய் ஊறாது. பூசும்போது மணல் தூவச் சொல்லுங்கள், நனைந்த கால் வழுக்காது. பளபளப்பு டைல்ஸ் வேண்டவே வேண்டாம், மழைக்காலத்தில் ஆபத்து. ஈரம் நிற்கவில்லையா? வெறும் சீமெந்தே போதும்.