பசை காயும் நேரம்

அன்புள்ள அண்ணாச்சி,

தாராவியில் தோல் பை, பெல்ட் தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். வெட்டுவது, தைப்பது, பார்ட்டிகளிடம் பேசுவது எதிலும் சலிக்க மாட்டேன். ராத்திரி ஒரு மணி வரைகூட நின்று வேலை பார்ப்பேன். ஆனால் பில்களை எடுத்துக் கணக்கில் ஏற்ற மட்டும் உட்கார முடியவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றே மாதம் ஓடிவிடும். ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாளான 20-ம் தேதி ராத்திரி பத்து மணிக்கு மனைவி பில்லை வாசிக்க, நான் தட்ட, எந்த பில் எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் இருவருக்கும் சண்டை. போன இரண்டு மாதமும் தேதி தாண்டி அபராதம் கட்டினேன். என்னிடம் சரக்கு வாங்கும் கொலாபா கடைக்காரர் வேறு பணத்தை இழுத்தடிக்கிறார். மோட்டிவேஷன் வீடியோ பார்த்தால் அரை மணி நேரம் வேகம் இருக்கிறது, அப்புறம் பழைய கதைதான். அப்பா என்னைச் சோம்பேறி என்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் முறைக்கு மாறிவிடு என்கிறான் நண்பன். சலிப்பான வேலையில் ஆர்வம் வர என்ன வழி?

எம்., தாராவி

அன்புள்ள எம்.,

ஆர்வம் வர வழி இல்லை. பில் ஏற்றுவதில் யாருக்கும் ஆர்வம் வந்து நான் பார்த்ததில்லை, ஆடிட்டர் ஆபீஸ் பையன்கள் உட்பட. ஆர்வம் வந்தபிறகு உட்காரலாம் என்று நீங்கள் காத்திருக்கிறீர்களே, தள்ளிப்போடுவது என்பதே அதுதான். வீடியோ பார்ப்பதும் அதில் சேர்த்திதான், வேலை செய்வதுபோல ஒரு தோற்றம் இருக்கும், அவ்வளவே.

அப்பா சொல்வதும் சரியில்லை. ராத்திரி ஒரு மணி வரை நின்று தோல் வெட்டுகிறவன் சோம்பேறியாக இருக்க முடியாது. தள்ளிப்போடுவதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் கனடாவின் உளவியலாளர் டிமத்தி பிச்சில். நாம் ஒத்திப்போடுவது வேலையை அல்ல, அந்த வேலை கிளப்பும் சங்கடத்தை என்கிறார் அவர். உங்கள் சங்கடம் எது என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ‘எந்த பில் எங்கே கிடக்கிறது என்று தெரியாமல்’. இது சலிப்பு இல்லை, பயம். காணாமல்போன பில், எழுத்து மங்கிய பில், தருகிறேன் என்று சொல்லித் தராத பில் எல்லாம் அந்தக் கட்டுக்குள் கிடக்கின்றன. பத்து நல்ல பில்லை ஏற்றப் பத்து நிமிடம் போதும். வம்பு பிடித்த ஒரு பில்லுக்குப் பயந்து அந்தப் பத்தும் கிடக்கின்றன.

ஆகவே முதலில் இரண்டு கவர் வையுங்கள். சரியான பில் ஒன்றில், வம்பு பில் மற்றொன்றில். வம்புக் கவரின் மேலேயே யாருக்கு போன் செய்ய வேண்டும் என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். மெஷின் அடித்துத் தரும் வழவழப்பான ரசீதை வாங்கிய அன்றே போட்டோ எடுங்கள். பட்டறை வெக்கையில் அதன் எழுத்து சீக்கிரமே வெளிறிவிடும்.

அப்புறம் தேதிகள். உங்களுக்குச் சரக்கு விற்றவர்கள் 11-ம் தேதிக்குள் தங்கள் விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்திருந்தால், 14-ம் தேதி உங்கள் 2பி பட்டியலில், அதாவது நீங்கள் வாங்கிய பில்களை ஜிஎஸ்டி தளமே தொகுத்துத் தரும் பட்டியலில், அது தானாக வந்து நிற்கும். கையில் உள்ள பில்லை அதோடு ஒப்பிட்டு டிக் போட வேண்டியதுதான். பட்டியலில் இல்லாத பில்லுக்கு இன்புட் எடுக்க முடியாது, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை உங்கள் வரியில் கழித்துக்கொள்ள முடியாது. பக்கிள் கடைக்காரர் பில் அதில் இல்லையென்றால் 14-ம் தேதியே கேட்டுவிடலாம். 20-ம் தேதி ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டால் யார் எடுப்பார்கள்?

இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 தாமதமானால் கொலாபாக்காரர் பட்டியலில் உங்கள் பில் இருக்காது. அவர் பணத்தை இழுப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும் வரிமேல் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் சின்னத் தொகையாகத் தெரியலாம். தேங்கி நிற்கும் பார்ட்டி பணம் சின்னது இல்லை.

எப்போது உட்காருவது என்பதற்கு வருகிறேன். ‘இனிமேல் தினமும் செய்வேன்’ என்ற சங்கல்பம் நிற்காது. இது நடந்தால் அதைச் செய்வேன் என்று ஒரு குறிப்பிட்ட தருணத்தோடு முடிச்சுப் போட்டவர்கள் அதிகம் செய்துமுடிக்கிறார்கள் என்று ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். உங்கள் தொழிலில் அந்தத் தருணம் தயாராகவே இருக்கிறது. தோலின் இரண்டு பக்கமும் பசை தடவிவிட்டு, ஒட்டுவதற்கு முன் கொஞ்சம் காய விடுவீர்கள் அல்லவா? கையைத் துடைத்துவிட்டு அந்த நேரத்தில் இரண்டு பில். பசை பதத்துக்கு வந்ததும் எழுந்துவிடுங்கள். மூன்றாவது பில்லைத் தொட வேண்டாம்.

கூட்டல் உதைத்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்காதீர்கள். வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் எங்கேயோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 4,590 என்பதை 4,950 என்று தட்டினால் வித்தியாசம் 360, அதாவது ஒன்பது நாற்பது. பழைய கணக்குப்பிள்ளைகளின் கைத்தந்திரம் இது. பிழை சிக்கும்போது ஒரு சின்ன சந்தோஷம் கிடைக்கும். நீங்கள் கேட்ட ஆர்வம் ஏதாவது உண்டென்றால் அது இவ்வளவுதான், அதுவும் உட்கார்ந்த பிறகுதான் வரும்.

நண்பர் சொன்ன மூன்று மாத முறை உங்களுக்கு வேண்டாம். 5 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளவர்கள் அதை எடுக்கலாம், ஒழுங்காகக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு அது வசதிதான். ஆனால் வரியை மாதாமாதம் செலானில் கட்டியே ஆக வேண்டும். அதை முந்தைய காலாண்டை வைத்து ஒரு குத்துமதிப்பான தொகையாகக் கட்டலாம் என்பதால் பில் கட்டைத் தொடாமலேயே இரண்டு மாதம் ஓட்டிவிடுவீர்கள். மூன்றாம் மாதம் மூன்று மடங்கு சண்டை.

மனைவியை இந்த வேலையிலிருந்து விடுவித்துவிடுங்கள். பக்கத்தில் பி.காம் படிக்கும் பையனோ பெண்ணோ கிடைக்காமலா போவார்கள்? வாரம் இரண்டு மாலை, மாதச் சம்பளம். ஒருவர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டால் நீங்களும் பில்லை எடுத்துத்தான் ஆக வேண்டும். எல்லா அலுப்பு வேலையையும் நாமே ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. விறுவிறுப்பான கதை ஒலிப்புத்தகங்களை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்கலாம் என்று ஏற்பாடு செய்து, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேட்டி மில்க்மனும் சகாக்களும் ஓர் ஆய்வு நடத்தி 2014-ல் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் வருகை நன்றாகக் கூடியது. அமெரிக்காவின் நன்றிகூறும் நாள் விடுமுறை வந்ததும் பழக்கம் அறுந்து வருகை சரிந்தது. உங்களுக்கு அது பொங்கல். 2பி வரும் நாளும் பொங்கலும் ஜனவரியில் ஒட்டி ஒட்டியே வரும், பட்டறையிலும் ஆள் இருக்காது. அந்தப் பையனிடம் 17-ம் தேதி வந்துவிடு என்று இப்போதே சொல்லி வையுங்கள்.