ஒரே தனிமத்தின் எடை மாறிய அணுக்களை ஐசோடோப்புகள் என்கிறோம். எடை வேறு வேறாக இருந்தும் அவற்றைத் தனிம அட்டவணையில் ஒரே கட்டத்தில் வைப்பது ஏன்? எடை மாறினால் பிணைப்பும் மாறாதா?

களியக்காவிளையில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் ட்யூஷன் எடுக்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையிலிருந்தும் சிலர் வருவார்கள். ‘தனிமம்’ என்றால் விழிப்பார்கள், ‘மூலகம்’ என்றதும் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் இந்தக் கேள்வியை இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் தவறாமல் கேட்கிறார்கள்.

அணுக்கருவில் எத்தனை புரோட்டான் இருக்கிறதோ, அதுதான் கட்டத்தின் எண், அதாவது அணு எண். எத்தனை புரோட்டானோ அத்தனை எலக்ட்ரான். பிணைப்பு முழுக்க வெளிக்கூட்டு எலக்ட்ரான்களின் வேலை. நியூட்ரான் கூடினால் எடை கூடும். எலக்ட்ரான்களுக்கு அது ஏறக்குறைய தெரியவே தெரியாது.

புத்தளம் உப்பளத்து உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள குளோரினில் நாலில் மூன்று பங்கு குளோரின்-35, மீதி குளோரின்-37. இந்த எண்கள் புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த கணக்கு. சோடியம் இரண்டுக்கும் ஒரே மாதிரி ஒரு எலக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறது. புத்தகத்தில் 35.5 என்று போட்டிருப்பது இரண்டின் சராசரி. “டீச்சர், அரை புரோட்டான் உண்டா?” என்று ஒரு பையன் கேட்டான். “இல்லை மக்களே, அப்படி ஒரு அணுவே கிடையாது” என்றேன்.

1869இல் தனிம அட்டவணை போட்ட ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் எடையைப் பார்த்துத்தான் அடுக்கினார். டெல்லூரியம் 127.6, அயோடின் 126.9. எடைப்படி அயோடின்தான் முன்னால் வரவேண்டும். குணத்தைப் பார்த்து அவர் இடம் மாற்றி வைத்தார். 1913இல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி எக்ஸ் கதிர்களை வைத்து அணு எண்ணை அறியும் வழியைக் கண்டார். அதன்படி டெல்லூரியம் 52, அயோடின் 53. மெண்டலீவ் வைத்த இடமே சரி. 27 வயதில் முதல் உலகப்போரில் மோஸ்லி இறந்துபோனதை வகுப்பில் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும்.

‘ஏறக்குறைய’ என்று சொன்னேனே, அது ஹைட்ரஜனுக்காக. அங்கே ஒரு நியூட்ரான் சேர்ந்தால் எடை இரட்டிப்பாகிவிடும். அதனால் இந்தக் கனத்த ஹைட்ரஜனால் ஆன கனநீரில் பிணைப்பு சற்று உறுதியாக இருக்கும், உறைவது 3.8 டிகிரியில், கொதிப்பது 101.4 டிகிரியில். கனநீர்க் கட்டியைச் சாதாரணத் தண்ணீரில் போட்டால் மூழ்கும்.

சரி, எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். நான் பிறந்தது மணவாளக்குறிச்சி. கரையில் கருமணல் கோடு கோடாகப் படிந்து கிடக்கும். அதில் மோனசைட்டு என்ற தாதுவும் கொஞ்சம் உண்டு. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டு தேடி வந்தார். பெட்ரோமாக்ஸ் மேண்டிலுக்கு வேண்டிய தோரியம் அதில் இருந்தது.

மோனசைட்டு என்பது சீரியம் போன்ற அருமண் தனிமங்களின் பாஸ்பேட். அதற்குள் தோரியம் எப்படி நுழைந்தது? அட்டவணையைப் பாருங்கள், சீரியத்துக்கு நேர் கீழே தோரியம். அயனிகளின் அளவும் நெருங்கி வருவதால், படிகத்தில் சீரியத்தின் இடத்தில் தோரியம் உட்கார்ந்துகொள்கிறது.

தோரியம் கதிரியக்கத்தால் தானாகவே வேறு தனிமங்களாகச் சிதையும். அந்த வழியில் ஒரு பொருள் பிறக்கும். ரேடியோதோரியம் என்று பெயர் வைத்தார்கள். தோரியத்திலிருந்து அதை வேதிமுறையில் பிரிக்க யாராலும் முடியவில்லை. என்ன சேர்த்தாலும் இரண்டும் ஒரே மாதிரி பிணைந்தன. பிரிக்கவே முடியாதென்றால் இரண்டும் ஒரே தனிமம்தானே என்று கேட்டவர் ஆங்கிலேய வேதியியலாளர் சாடி. 1913இல் ஐசோடோப்பு என்ற சொல்லைக் கொண்டுவந்தார். கிரேக்கத்தில் ‘ஒரே இடம்’ என்று பொருள். அவர்கள் பிரிக்கப் பாடுபட்டது தோரியம்-232ஐயும் தோரியம்-228ஐயும்.

அந்தச் சிதைவு கடைசியில் ஈயம்-208இல் வந்து நிற்கும். சாடி இலங்கையிலிருந்து வந்த தோரியத் தாதுவிலிருந்து ஈயத்தை எடுத்து நிறுத்துப் பார்த்தார். சாதாரண ஈயத்தைவிடக் கனமாக இருந்தது, வேதிவினைகளில் மட்டும் வித்தியாசமே இல்லை. எங்கள் கரையில் கிடக்கும் மோனசைட்டு மணிகளுக்குள்ளும் அதே கனத்த ஈயம் துளித்துளியாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது.