பிக்கப் ட்ரக் குலுக்காமல் ஓட எந்த அளவு டயர், எவ்வளவு காற்று?

உங்கள் வண்டியில் இருப்பது 265/60 ஆர்18. பெரும்பாலும் காலியாகத்தான் ஓட்டுகிறீர்கள், வேகத்தடையில் பின்பக்கம் தூக்கிப் போடுகிறது. 20 அங்குல ரிம்முக்கு மாறலாமா, இல்லை காற்றைக் குறைத்தாலே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

20 அங்குலம் வேண்டவே வேண்டாம். மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் 17க்கு இறங்குங்கள். நானும் பிக்கப்தான் வைத்திருக்கிறேன், 17தான் போட்டிருக்கிறேன்.

காரணம் டயரில் எழுதியிருக்கும் எண்ணிலேயே இருக்கிறது. 265 என்பது மில்லிமீட்டரில் அகலம். 60 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 18 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். கணக்குப் போட்டால் உங்கள் டயரின் பக்கச்சுவர் 159 மி.மீ. வருகிறது. 265/65 ஆர்17 போட்டால் 172, 265/50 ஆர்20 போட்டால் 132 சொச்சம். மூன்றுக்கும் மொத்த விட்டம் 775 மி.மீ. பக்கம்தான், அதனால் ஸ்பீடாமீட்டர் குழப்பம் வராது, மட்கார்டிலும் உரசாது. ஆனால் பள்ளத்தில் இறங்கும்போது அமுங்கிக் கொடுப்பது அந்தப் பக்கச்சுவர்தான். 20க்குப் போனால் பார்க்க மிடுக்காக இருக்கும், இடுப்புக்குத்தான் தண்டனை. 17 வாங்கும் முன் ஒன்று மட்டும் பாருங்கள்: ரிம்மின் உட்புறம் பிரேக் காலிப்பரில், அதாவது டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தில், இடிக்கக் கூடாது. ஒரு ரிம்மை மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு மீதியை வாங்குவது நல்லது.

அளவை விட அதிகம் பேர் கவனிக்காதது டயரின் ரகம். அளவுக்கு முன்னால் 'எல்டி' (லைட் ட்ரக்) என்று இருந்து, லோடு ரேஞ்ச் 'ஈ' என்றும் இருந்தால் அது 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை தாங்கும் கனரகம். பாரம் இழுப்பவருக்கு அருமையான டயர். காலி வண்டிக்கு அது கட்டை மாதிரி. எடையும் கூடுதல், அதனால் சக்கரம் குழியில் குதித்தால் அடங்க நேரம் எடுக்கும். வண்டியோடு வந்தது சாதாரண ரகம் என்றால் அதிலேயே இருங்கள், லோடு இண்டெக்ஸ், அதாவது டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் எண், மட்டும் பழையதை விடக் குறையக் கூடாது. எல்டிக்கு மாறினால் அதே பாரத்துக்கு அதிகக் காற்று வேண்டும். பழைய டயருக்கு அடித்த காற்றின் எண் அதற்குச் செல்லாது, டயர் கம்பெனியின் அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

சரி, காற்று. டயரின் பக்கத்தில் பொடி எழுத்தில் 44 என்றோ 51 என்றோ இருப்பது அதிகபட்சம், அந்த அளவுக்கு அடிக்கச் சொல்லவில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருப்பதுதான் உங்கள் எண். சில பிக்கப்களில் பின் டயருக்கு இரண்டு எண் கொடுத்திருப்பார்கள், பாரம் குறைவாக இருக்கும்போது ஒன்று, முழு லோடுக்கு ஒன்று. முழு லோடு எண்ணை அடித்துவிட்டுக் காலியாக ஓட்டுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. உங்கள் வண்டியிலும் முதலில் அதைத்தான் பாருங்கள், காசே செலவில்லை.

அளப்பது காலையில், வண்டி நகரும் முன். ஓடிவந்த சூட்டில் காற்று ஏறித்தான் காட்டும், அதைப் பார்த்துவிட்டுத் திறந்துவிடாதீர்கள். குளிர்காலத்தில் வெப்பநிலை ஏறக்குறைய 6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் 1 பிஎஸ்ஐ குறையும், அதையும் சேர்த்துக் கவனியுங்கள். சொகுசுக்காக ஸ்டிக்கர் எண்ணுக்குக் கீழே போகவே கூடாது. பக்கச்சுவர் ஓயாமல் மடங்கி மடங்கிச் சூடாகும், நெடுஞ்சாலை வேகத்தில் வெடித்தாலும் வெடிக்கும். சந்தேகம் இருந்தால் தேய்மானத்தைத் தடவிப் பாருங்கள்: நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் குறைவு.

இவ்வளவும் செய்தாலும் கார் மாதிரி ஆகிவிடாது. பின்னால் இருக்கும் லீஃப் ஸ்பிரிங் (பட்டை ஸ்பிரிங்) பாரத்துக்காகவே செய்தது, காலியாக இருந்தால் அது வளையாது. வேகத்தடை தாண்டிய பிறகும் பின்பக்கம் இரண்டு மூன்று முறை ஆடிக்கொண்டே இருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது டயருக்குச் செலவு செய்யும் முன் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.