சில டிவி விளம்பரம் மட்டும் ஏன் மனசுல ஒட்டிக்கிடுது?
30 செகண்டுல நம்மள எப்படி உருக வைக்கிறாங்கன்னு கேட்டிருக்கீங்க. பொருளை விட்டுட்டு உறவை காட்டுனாலே பாதி வேலை முடிஞ்சுது. அப்போ இருந்த ஹட்ச் மொபைல் கம்பெனி விளம்பரத்துல பக் நாய்க்குட்டி அந்த பையன் பின்னாடியே போகும், அவ்வளவுதான், டவர் பத்தியெல்லாம் பேச்சே கிடையாது, ஆனா நெட்வொர்க் கூடவே வரும்னு பச்சப்பிள்ளைக்கும் புரிஞ்சுது.

அப்புறம் மியூசிக். நம்ம நாகர்கோவில் பக்கம் மலையாள சேனலும் ஓடும்லா, ஓணம் சமயத்துல நகைக்கடை விளம்பர பாட்டு கேட்டா அடுக்களையில மீன் வெட்டிட்டு இருக்க எங்க அம்மை கையில செதிலோட வந்து நிப்பாங்க, மகளை கட்டிக்குடுக்குற சீன் வந்தா கண்ணு கலங்கிரும் (கடை பேரு கேட்டா தெரியாது, அது வேற விஷயம்).

பழைய ஞாபகமும் உண்டு. கேட்பரி 90கள்ல பையன் பேட்டிங் பண்ண, பொண்ணு கிரிக்கெட் கிரவுண்டுல டான்ஸ் ஆடுன விளம்பரத்தை 2021ல பொண்ணு பேட்டிங், பையன் டான்ஸ்னு மாத்தி எடுத்தாங்க, பழசை பாத்தவங்களுக்குத்தான் அது ரெட்டிப்பா ஏறும். அழ வைக்கணும்னே எடுத்தா மட்டும் சட்டுனு தெரிஞ்சிரும், எரிச்சல்தான் வரும்.