'டக்'னு சத்தம் வந்தால் எலும்பு சேர்ந்துவிட்டதா?

கேள்வி: டாக்டர், நகரியில் விசைத்தறி ஓட்டுகிறேன், வயது 42. மூன்று வாரத்துக்கு முன் திருத்தணி ரோட்டில் மழையில் பைக் சறுக்கி இடுப்பு அடிபட விழுந்தேன். எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் இல்லை என்றார்கள். மாத்திரை போட்டால் குறைகிறது, குனிந்தால் மறுபடி பிடித்துக்கொள்கிறது. கழுத்தும் சரியாகத் திரும்பவில்லை, பட்டை போட்டிருக்கிறேன். அண்ணன் புத்தூர் கட்டு போடலாம் என்கிறார். சென்னையில் இருக்கும் மச்சானோ, கைரோபிராக்டிக்கில் விலகின எலும்பை 'டக்'னு சேர்த்துவிடுவார்கள், காயம் சீக்கிரம் ஆறும் என்று தினம் ஒரு வீடியோ அனுப்புகிறார். போகலாமா? போனால் கூன் விழுந்த அம்மாவையும் (68) காட்டிவிட்டு வரலாமா?

பதில்: அம்மா விஷயத்தை முதலில் பேசிவிடுவோம்: அழைத்துப்போக வேண்டாம். அந்த வயதில் கூன் விழுந்து உயரமும் குறைந்திருந்தால், எலும்பு தேய்ந்து முதுகெலும்பில் ஒன்றிரண்டு ஏற்கெனவே நசுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அதன்மேல் ஒருவர் உடம்பு பாரத்தைப் போட்டு அழுத்தினால் அடுத்ததும் நொறுங்கலாம். அவருக்கு டெக்ஸா ஸ்கேன் எடுத்து எலும்பின் வலுவைப் பாருங்கள், அதற்கு மருந்து இருக்கிறது.

சரி, இப்போது நீங்கள். எலும்பு எதுவும் விலகவில்லை. விலகியிருந்தால் எக்ஸ்ரேயில் தெரிந்திருக்கும், நீங்களும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்க மாட்டீர்கள். மச்சான் அனுப்பும் வீடியோவில் என்ன நடக்கிறது என்றால், ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை மடக்கி, தோளை ஒரு பக்கமும் இடுப்பை மறுபக்கமும் பிடித்து, மூட்டு இயல்பாகப் போகும் எல்லை வரை கொண்டுபோய் அங்கே சின்னதாக, வேகமாக ஒரு தள்ளு. அப்போது மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயுக் குமிழ் உண்டாகிறது, அந்தச் சத்தம்தான் மைக்கில் அவ்வளவு பெரிதாகக் கேட்கிறது. விரலில் சொடக்கு எடுக்கும்போதும் இதேதான். சத்தமே வராமலும் வலி குறையும், பெரிய சத்தம் வந்தும் குறையாமல் இருக்கும்.

அப்படியானால் பயனே இல்லையா? இருக்கிறது, ஆனால் மச்சான் சொல்கிற வழியில் இல்லை. நீங்கள் விழுந்ததில் தசைநாரும் ஜவ்வும் இழுபட்டிருக்கின்றன. முதல் சில நாள் வீக்கம், பிறகு சில வாரங்களுக்கு உடம்பே புது நார்களைப் போடும், அப்புறம் மாதக்கணக்கில் அந்த நார்கள் இழுவிசை வரும் திசையில் வரிசைப்பட்டு இறுகும். இந்தக் கடைசி வேலைக்கு அசைவு வேண்டும். வலிக்குப் பயந்து நீங்கள் இடுப்பை விறைப்பாகவே வைத்துக்கொண்டால் சுற்றியுள்ள தசை இறுகிப்போய், குனிந்தால் பிடிக்கும், பிடிப்பதால் குனியமாட்டீர்கள், இப்படியே ஓடும். கையால் தள்ளும் இந்தச் சிகிச்சை சிலருக்கு வலியையும் இறுக்கத்தையும் கொஞ்ச நேரம் இளக்கிவிடுகிறது, அந்த நேரத்தில் நடந்து, குனிந்து, பயிற்சி செய்தால் ஆறுகிற வேலை தடையில்லாமல் போகும். காயம் ஆற இது செய்யும் உதவி அவ்வளவுதான். முறிந்த எலும்பை இது ஒரு நாள்கூட முன்னதாகச் சேர்க்காது.

இடுப்பு வலிக்கு இது ஓரளவு பலன் தருகிறது என்பது ஆராய்ச்சியிலும் பார்த்ததுதான். 2017ல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் புது வலிக்குச் சூடு, மசாஜ் இவற்றோடு இதையும் ஒரு வழியாகச் சொன்னது, நாள்பட்ட வலிக்கு 2023ல் உலக சுகாதார நிறுவனமும் தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் ஒழுங்காகச் செய்யும் உடற்பயிற்சியைவிடப் பெரிதாக எதுவும் செய்துவிடுவதில்லை. 1895ல் அமெரிக்காவில் டேவன்போர்ட் என்ற ஊரில் பால்மர் என்பவர், முதுகெலும்பை அழுத்தி ஒருவருக்குக் காது கேட்க வைத்ததாகச் சொல்லி ஆரம்பித்த முறை இது. எல்லா நோய்க்கும் முதுகெலும்புதான் காரணம் என்கிற அந்தப் பழைய பேச்சு இன்னும் சிலரிடம் இருக்கிறது. சர்க்கரையையும் தைராய்டையும் சேர்த்துச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கழுத்தை மட்டும் யாரும் வெடுக்கென்று திருப்ப விடாதீர்கள், சலூனில்கூட. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களில் சில கழுத்தெலும்பு வழியாகத்தான் ஏறுகின்றன, அவை உள்ளே கிழிந்து பக்கவாதம் வருவது அரிது, ஆனால் வந்திருக்கிறது. விழுந்த கழுத்துக்கு அந்த ஆபத்து தேவையே இல்லை. பட்டையைக் கழற்றிவிடுங்கள், முறிவு இல்லாத கழுத்துக்கு மூன்று வாரம் ரொம்ப அதிகம். வலி அனுமதிக்கிற வரை மெதுவாக இரு பக்கமும் திருப்புங்கள்.

புத்தூர் கட்டைப் பற்றி உங்கள் ஊர்க்காரரிடம் நான் சொல்லத் தேவையில்லை, தலைமுறையாகப் பார்க்கிறீர்கள். பச்சிலையும் முட்டை வெள்ளையும் பூசி மூங்கில் பட்டை வைத்துக் கட்டுவது கை கால் முறிவை அசையாமல் வைக்கத்தான். உங்களுக்கோ முறிவே இல்லை, வேண்டியது அசைவு, அதனால் அண்ணன் யோசனை உங்களுக்குப் பொருந்தாது. வேறு யாருக்காவது போட்டு விரல் நீலமானாலோ மரத்துப்போனாலோ, ராத்திரி என்றும் பார்க்காமல் கட்டை வெட்டிவிடச் சொல்லுங்கள்.

இடுப்புக்குக் கையால் தள்ளும் சிகிச்சை பார்த்தே ஆகவேண்டும் என்றால், சென்னைக்கு பஸ்ஸில் குலுங்கிப் போய் வருவதில் பாதி பலன் போய்விடும். திருப்பதியிலோ திருத்தணியிலோ கைமுறை சிகிச்சை தெரிந்த பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். நம் நாட்டில் கைரோபிராக்டிக்குக்கென்று தனி கவுன்சில் கிடையாது, போர்டு மாட்டியவர் எங்கே, எத்தனை வருடம் படித்தார் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். முதல் நாளே முப்பது சிட்டிங்குக்குப் பணம் கட்டச் சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள். நாலைந்து தடவையில் குனிவது எளிதாகவில்லை என்றால் அது உங்களுக்கு ஒத்துவரவில்லை, நிறுத்திவிடலாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சோதனை: குதிகாலால் பத்தடி, முன்பாதத்தால் பத்தடி நடந்து பாருங்கள். ஒரு பாதம் தொய்ந்தாலோ, காலுக்குள் வலி மின்னல் மாதிரி இறங்கினாலோ, சாயங்காலக் காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தாலோ (முதுகெலும்பில் டிபி நம் பக்கம் அபூர்வமில்லை) யாரையும் அழுத்த விடாமல் திருப்பதி பர்ட் எலும்பு மருத்துவமனைக்கோ வேலூர் சி.எம்.சி.க்கோ போங்கள். சிறுநீர் வராமல் நின்றாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே கிளம்புங்கள்.

தறிக்கு இந்த வாரமே திரும்பலாம். பாவு உருளையை மட்டும் ஒரு மாதத்துக்கு வேறு ஆள் தூக்கட்டும். இழை அறுந்தால் இடுப்பிலிருந்து எட்டி வளையாமல், ஒரு காலை முன்னே வைத்து முழங்காலை மடக்கி முடிச்சுப் போடுங்கள். வலி மாத்திரை வெறும் வயிற்றில் வேண்டாம், அதையும் தொடர்ந்து தின்றுகொண்டிருக்காதீர்கள். இன்னும் மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள்.